ஒரே சஹனில் அமர்ந்த டொக்டர் பரமேஸ்வரி

டொக்டர் பரமேஸ்வரி காலமான செய்தி எனக்கு வெள்ளவத்தைச் சந்தையில் கிடைத்தது. முட்டை விற்கும் சிங்களப் பெண் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். பையை அவளிடமே விட்டுவிட்டுப் பாமன்கடையிலுள்ள டொக்டரின் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நின்ற பெண்கள் பலருக்கு ஒருவரையொருவர் தெரியாது. எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

காலையில் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி, மாலையில் வீட்டில் பெண் நோயாளிகள் என்று வாழ்ந்தவர். உலக மகாயுத்த காலத்தில் ஒருநாள் எங்கள் மாதர் சங்கத்தில் புற்றுநோயைப் பற்றிப் பேசினார். அமெரிக்காவில் ஒருவர் கோழியின் கட்டியை அரைத்து, பக்டீரியாகூடப் புகமுடியாத வடியில் வடித்து, அந்தச் சாற்றை வேறொரு கோழிக்கு ஊசியால் ஏற்றினாராம். அதற்கும் கட்டி வந்ததாம். "அந்தச் சாற்றிலை இருந்தது வைரஸ். மனிசருக்கு வாற சில புற்றுநோயிலையும் கிருமிக்குப் பங்கு இருக்கலாம் எண்டு நினைக்கிறன். நிச்சயமாத் தெரியாது" என்றார். எங்கள் பெண்கள் "தெரியாது" என்பதை மண்டபத்திலேயே விட்டுவிட்டு, கோழியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் கொஞ்சக் காலம் வெள்ளவத்தையில் கோழி வியாபாரிகள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் அடி விழுந்தது. கொட்டாஞ்சேனையில் மணமுடித்திருந்த என் ராத்தாவுக்கு, எனக்கு மூத்தவளுக்கு, கருப்பை வாயில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவளுடைய புருஷனின் தாயான மாமியும் அந்தப் பேச்சைக் கேட்டவர். நோய் ஒட்டிவிடும் என்று பயந்து, மறுநாளே ராத்தாவுக்கு அறைக்குள் தனிப் பீங்கான், தனிக் குவளை. எங்கள் முஸ்லிம் வீடுகளில் விருந்தென்றால் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றியிருந்து எல்லோரும் அதிலேயே அள்ளிச் சாப்பிடுவோம். அதில் இடமில்லை என்றால் குடும்பத்திலேயே இடமில்லை. "நோவத் தாங்கலாம் தங்கச்சி, இதத் தாங்கேலா" என்றாள் ராத்தா.

டொக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "என்ரை பிழைதான். பயத்தைச் சொல்லிப்போட்டு விளக்கத்தைச் சொல்லாமல் வந்திட்டன்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். பெருநாளன்று, யாரும் அழைக்காமல், கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டார். பெண்களுக்குச் சஹன் வைக்கும் நேரம்.

மாமி விடவில்லை. "நீங்கதானே கோழிக் கதை செல்லினீங்க டொக்டர்?"

"ஓம், நான்தான் சொன்னனான். மிச்சத்தையும் கேளுங்கோ. கிருமி ஒரு காரணமா இருந்தாலும், அது உடம்புக்குள்ளை வருசக்கணக்கா இருந்து, வேறை காரணங்களும் சேர்ந்துதான் புற்றுநோய் வரும். எல்லாருக்கும் வராது. ஒரு பீங்கானிலை சாப்பிட்டு இந்த நோய் ஒட்டாது. தடிமனோடை இருமுற பிள்ளையைப் பக்கத்திலை வைச்சிருக்கிறியள், இவவுக்கோ பயம்?"

பிறகு அறைக்குள் போய் ராத்தாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சஹனருகே உட்கார்த்தித் தானும் அமர்ந்தார். டொக்டர் சுத்த சைவம். வெளியில் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற குடும்பம். இறைச்சியை மறுபக்கம் ஒதுக்கச் சொல்லிவிட்டு, ராத்தா கைவைத்த இடத்திலிருந்தே நெய்ச்சோற்றை அள்ளி வாயில் போட்டார். கடைசியில் மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ராத்தாவின் மறுபக்கத்தில் வந்து அமர்ந்தார்.

அன்று அங்கிருந்த பெண்களிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "வெள்ளை பட்டால், ரத்தம் பட்டால், வெக்கப்பட்டு மறைக்காதேங்கோ. என்னட்டை வாங்கோ." பலர் போனார்கள். நானும் போனேன், என் உடம்பில் ஆறாமலிருந்த புண்ணை அவர்தான் ஆற்றினார்.

கிருமிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இன்னும் யார் யாரோ தேடுவார்கள், கண்டும்பிடிப்பார்கள். டொக்டருக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தெரிந்ததைச் சொல்லும்போது தெரியாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான். இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. ராத்தா அடுத்த நோன்புக்கு முன் மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டாள். அதுவரை ஒருவேளைச் சோறும் அவள் தனியாகச் சாப்பிடவில்லை.