மறுபக்கம் சாய்ந்த வண்டி

கூக்கால் மலைக்கிராமத்திலிருந்து பழனிக்குப் பூண்டு ஏற்ற, பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கினேன். அது இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. அப்படியே பாரத்தோடு மலை வளைவுகளில் இறங்க எனக்குப் பயம்.

வெறும் வண்டியை மெதுவாக ஓட்டி, பெரும்பாறை ஊரிலிருந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். தொந்தியும் தொப்பியுமாக, வண்டியோடு பேசிக்கொண்டே வேலை பார்க்கிற மனிதர். டயர்களில் காற்று சரியாக இருந்தது. பின்பக்கத்தில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, இடம் வலமாக மாற்றி மாட்டினார். வண்டி இப்போது வலப்பக்கம் சாய்ந்தது. அவர் கைதட்டிக் குதித்தார்.

“இன்னும் சாயுதேங்க?”

“சாயணுங்க! பட்டையோட சாய்வும் சேந்து போயிருச்சு பாருங்க. வண்டி மேல குத்தமில்ல, இந்தப் பட்டைதான் தளந்து கெடக்கு. மாத்திட்டா ராசாவாட்டம் போகும்!” என்று கிரீஸ் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார்.

புதுப் பட்டை போட்டதும் வண்டி நேராக நின்றது. நான் துள்ளினேன். அவரோ ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாப்பிடப் போய்விட்டார். கோணலுக்குக் குதித்தவருக்கு நேரானது ஏன் பெரிதாகப் படவில்லை? நினைத்தால் இன்றும் சிரிப்புத்தான் வருகிறது.