கட்லாவின் வாய்

மீன்கடையில் ஈ காக்கா இல்லை என்றால் நம்புவீர்களா? ஈயும் இருந்தது, காக்காவும் இருந்தது. ஆள்தான் இல்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில்.

காளவாசலில் மீன் வெட்டியே தலை நரைத்தவன் நான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லாம் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு செய்த வேலை. பஸ் நீளத்துக்கு ஒரு மீன் வயிறு கிழிந்து கிடக்கிறது, உள்ளே ஒரு மனுஷன் சுருண்டு படுத்திருக்கிறான். ‘வண்டியூர் தெப்பக்குளத்தில் பிடித்தது, காளவாசலில் வெட்டியபோது’ என்று கீழே எழுதியிருந்தான் ஒரு புண்ணியவான். கூடவே எங்கள் கடை போர்டின் படம்.

“அம்புட்டுப் பெரிய மீனு சிக்னலைத் தாண்ட போலீஸ் விடுவாரா பாய்?” என்றேன் முதலாளி ஜமால் பாயிடம். அவர் சிரிக்கவில்லை.

“சனம் நம்பிருச்சேப்பா. இப்படியே போனா ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.”

வெட்டுக்கட்டைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐஸ் புகை எழும்பி ரோட்டுப் பக்கம் போனது. கண் சொக்கியது. அந்தப் பெரிய மீன் பஸ்களுக்கு மேலே மெதுவாக நீந்திப் போனது. ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. அதன் நிழல் கடைக்குள் வந்து, என் கையில் படிந்து, கடந்து போனது. குளிர்ச்சியாக இருந்ததே தவிர எனக்குப் பயமே இல்லை.

“அண்ணே.”

முழித்தேன். எதிரே ஒரு பெண். பேர் செல்வி, ஆனையூரில் தையல் கடை என்று பிறகு தெரிந்தது. கையில் பை இல்லை, போன் மட்டும். அதில் அதே படம். காலையிலிருந்து இந்தப் படத்தைக் காட்டி வம்பளக்க வந்த ரெண்டு மூணு பேரைக் கண்டபடி திட்டி அனுப்பியிருந்தேன். இவரையும் திட்ட வாயெடுத்தேன்.

“உள்ள இருந்த ஆளு என்ன கலர் சட்டைண்ணே?” என்று கேட்டார். “எந்தம்பி தெப்பக்குளத்துப் படியில உக்காந்திருந்ததப் பாத்தவங்க இருக்காங்க. அப்புறம் வீட்டுக்கு வரல. ஊதாச் சட்டை போட்டிருந்தான்.”

எழுந்து நின்றேன். அப்படி ஒரு மீனே கிடையாது தாயி என்றேன்.

“மறைக்காதீங்கண்ணே. யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

பெரிய மீனை, கேட்டு வருகிற ஆள் முன்னால்தான் வெட்டுவோம். வெட்டி வைத்ததைப் பழசு என்று சொல்லி எங்கள் ஊர்க்காரர்கள் தொட மாட்டார்கள். இவருக்கோ வெட்டிக் காட்டினால்தான் நம்பிக்கை வரும். பாயைப் பார்த்தேன்.

“வெட்டுப்பா” என்றார். “எல்லாத்தையும் வெட்டு.”

பாறை மீனைக் கிழித்தேன். உள்ளே ரெண்டு சாளை மீன். வஞ்சரத்தில் கொஞ்சம் நெத்திலி. ஒவ்வொன்றையும் செல்வி குனிந்து பார்த்தார். கடைசியாகக் கட்லா. வயிற்றில் பச்சைப் பாசி.

“குளத்துல வளக்குற மீனு இதுதான் தாயி. வாய்க்குள்ள கை விட்டுப் பாருங்க.”

தூங்குகிற பிள்ளையைத் தொடுவதுபோலக் கையை விட்டார்.

“பல்லே இல்லையே.”

கையை எடுக்காமல் அப்படியே நின்று அழுதார்.

“அப்ப எங்கிட்டோ இருக்கான்ல?” என்றார். ஆமாம் என்று சொல்ல எனக்கென்ன தெரியும்? இல்லை என்று சொல்லவும் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

வெட்டிய மீனையெல்லாம் பாய் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்குச் சும்மாவே கொடுத்தனுப்பினார். தின்றவர்கள் மறுநாளே கடைக்கு வந்தார்கள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொய்ப் படத்தைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் எடுத்த எடுப்பில் சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். வீட்டில் யாரையாவது காணோமா என்று முதலில் கேளுங்கள்.

செல்வி இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வீட்டில் அவர் ஒத்தை ஆள்தான், அரைக் கிலோ போதும். ஒரு கிலோ கட்லா கேட்பார்.

“நடுத்துண்டாப் போடுங்கண்ணே” என்பார். “அவனுக்கு முள்ளு ஆகாது.”