வேறு பெட்டியில் ஏறிய தங்கச்சி

2006ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். ஒஸ்லோவில் பனி உருகத் தொடங்கி, நடைபாதையெல்லாம் கறுத்த சேறாகக் கிடந்த நாட்கள். எனக்கு முப்பத்தொன்பது வயது. கலியாணமாகிப் பல வருடங்கள் பிள்ளையில்லாமல் இருந்து, இனி இல்லை என்று நானும் கணவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு கர்ப்பமாகியிருந்தேன். பயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. தடித்த குளிர் ஜாக்கெட் வயிற்றை மறைத்தது, அது பெரிய உதவி.

என் வயதில் பிள்ளைக்குக் குரோமோசோம் குறை வரும் வாய்ப்பு கூட என்பதால், கர்ப்பப்பைத் தண்ணீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டாயமில்லை, விருப்பமென்றால் செய்யலாம். கணவர் செய்வோம் என்றார், நானும் தலையாட்டினேன். முடிவு வர இரண்டு மூன்று கிழமை ஆகும் என்றார்கள்.

ஏன் அவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை, அது எனக்கு ஏற்கனவே தெரியும். தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரும் ஒரு தங்கச்சி அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். சின்ன வயதிலேயே இங்கே வந்து, இங்கேயே படித்தவள். ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடித்துவிட்டு இரண்டு பேரும் ஒரே சுரங்க ரயிலில்தான் வீட்டுக்குப் போவோம். "கண்ணுக்குத் தெரியாததுகளுக்குச் சாப்பாடு குடுத்து வளக்கிறதுதான் அக்கா என்ரை வேலை" என்பாள். "அப்ப உனக்குச் சமையல் தெரியும் எண்டு மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லலாம்" என்று நான் பகிடி பண்ணுவேன்.

அவள்தான் எனக்கு விளக்கினாள். அந்தத் தண்ணீரில் பிள்ளையின் செல்கள் கொஞ்சம் மிதக்கும். அவற்றைக் கண்ணாடிக் குடுவையில் இளஞ்சூட்டில் வைத்து வளர்க்க வேண்டும். ஒரு செல் வளர்ந்து, தன் டி.என்.ஏ. முழுவதையும் ஒருமுறை படியெடுத்து, இரண்டாகப் பிரியத் தயாராகும்போதுதான் குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியாகத் தெரியும். அந்த நேரத்தில் நிறுத்திப் பிடித்தால்தான் எண்ண முடியும். மற்ற நேரம் எல்லாம் நூல் சிக்கல் மாதிரிக் கிடக்கும். "நாங்கள் அவசரப்படுத்தேலாது அக்கா. அதுகள் பிரியிற நேரம்தான் பிரியும்" என்று சொன்னாள்.

ஊசியால் தண்ணீர் எடுத்ததற்கு அடுத்த ஞாயிறு அவள் தேத்தண்ணிக்கு நிற்கவில்லை. ஏதோ அவசரம் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு ரயில் மேடையில் என்னைக் கண்டாள். கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறென்று நடந்துபோய்க் கடைசிப் பெட்டியில் ஏறினாள்.

அவள் ஏறிய பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கர்ப்பம் என்பதே ஒருவருக்கும் தெரியாது. என் பெயரை அவள் பார்த்திருக்கக்கூடிய இடம் அந்த ஆய்வுகூடம் ஒன்றுதான்.

இதை வாசிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் ஊரில் என் தம்பி ஷெல்லடியில் செத்துப்போனபோது, அந்தச் செய்தி எனக்கு முன்பே ஒஸ்லோவில் இருந்த எங்கள் ஆட்களுக்கு வந்துவிட்டது. யார் சொல்வது என்ற தயக்கத்தில் எல்லோரும் என்னைக் கண்டால் விலகிப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் படியில் என்னைக் கண்டு திரும்பி ஏறினார். நான் விசரி, ஒன்றும் விளங்காமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து, தெரிந்த ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் போனால் எனக்கு அது ஒரு சாவீட்டுச் செய்திதான்.

ஆகவே என் பிள்ளைக்குக் குறை என்று முடிவு கட்டிவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. கணவருக்குச் சொன்னபோது, "உமக்கென்ன விசரே? அந்தப் பிள்ளைக்கு அவசரம் எண்டா ஓடுந்தானே" என்றார். அந்தக் கிழமையே ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, செல்கள் மெதுவாக வளர்கின்றன, இன்னும் கொஞ்சநாள் பொறுங்கள் என்றார்கள். நான் நம்பவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

அந்த நாட்களில் நான் அழுதது கொஞ்சநஞ்சமில்லை. அழுதழுது ஒரு நாள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்திவிட்டு, "இஞ்சாருங்கோ, என்ன எண்டாலும் இந்தப் பிள்ளையை நான் பெறத்தான் போறன்" என்றேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "எங்களுக்குப் பிறகு ஆர் பாக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆனாலும் என் முடிவு மாறவில்லை.

கடைசியில் இருவரையும் நேரில் வரச் சொன்னார்கள். இருபத்தோராவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். டவுன் சிண்ட்ரோம். நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். கரு உண்டாவதற்கு முன்பே, முட்டை உருவாகும்போது ஒரு சோடி பிரியாமல் சேர்ந்தே போயிருக்கும், நீங்கள் சாப்பிட்டதாலோ வேலை செய்ததாலோ வந்ததில்லை என்றார். அதன் பிறகு பிள்ளையின் ஒவ்வொரு செல்லும் அந்த மூன்றையும் ஒன்று விடாமல் படியெடுத்துப் படியெடுத்துத்தான் வளர்ந்திருக்கிறது. கர்ப்பத்தைத் தொடர விரும்பாவிட்டால் அதற்கும் வழி உண்டு, ஒரு குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொன்னார். "தேவையில்லை" என்று நோர்வேஜிய மொழியில் நான் சொன்னது எனக்கே உரத்துக் கேட்டது. கணவர் வெளியே வந்து சுவரோடு சாய்ந்து நின்று அழுதார். நான் முன்னமே அழுது முடித்திருந்தேன். அவர் அன்றுதான் தொடங்கினார். அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அந்த ஞாயிறு பூசையில் என் மனம் நிற்கவில்லை. நேரத்தோடு வெளிக்கிட்டு ரயில் மேடைக்குப் போய்க் காத்திருந்தேன். தங்கச்சி வந்தாள், என்னைக் கண்டு திரும்பிப் போகப் பார்த்தாள். எட்டிக் கையைப் பிடித்தேன்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டுதானே என்னைக் கண்டு ஒளிச்சுத் திரிஞ்சனி?"

அவளுடைய முகம் வெளிறிப் போனது. "எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா. குழாயிலை உங்கட பேரைக் கண்ட உடனை பக்கத்திலை வேலை செய்யிற ஒராளிட்டைக் குடுத்திட்டன். பிறகு அந்தக் குடுவை இருந்த பக்கமே நான் போகேல்லை."

"அப்ப ஏன் ஓடினனி?"

"வேறை என்ன செய்ய? வேலையிலை கண்டதை வெளியிலை கதைக்கேலாது. நான் சிரிச்சா நல்லதெண்டு நினைப்பியள். சிரிக்காட்டிக் கெட்டதெண்டு நினைப்பியள். தெரியாதெண்டு சொன்னாலும் நம்ப மாட்டியள். எந்த முகத்தோடை அக்கா நான் உங்களுக்கு முன்னாலை வாறது?"

பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். எங்கள் ரயில் வந்து, கதவு திறந்து, மூடிப் போனது. நாங்கள் ஏறவில்லை. அவள் முடிவு என்னவென்று கேட்கவே இல்லை. கேட்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை நாளும் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நான் கோபப்பட்டுத் திரிந்தேன். கடைசியில் அந்தச் செய்தியை அவளுக்குச் சொன்ன ஆள் நான்தான். கேட்டதும் அவள் என்னைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதாள். மேடையில் நின்ற வெள்ளைக்காரர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஆவணியில் மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்தின்போது அந்தத் தங்கச்சியைத்தான் ஞானத்தாயாக நிற்கச் சொன்னோம். "எங்களுக்குப் பிறகு ஆர்" என்ற கேள்விக்கு அவளிடம் நாங்கள் பதில் கேட்கவில்லை. அவளாகவே, பிள்ளையை ஏந்திக்கொண்டு என் கணவரிடம், "நான் இருக்கிறன் அண்ணை" என்றாள். மகளுக்கு நடக்கக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. நடக்கத் தொடங்கிய பிறகு ரயில் மேடையில் ஞானத்தாயைக் கண்டால் என் கையை உதறிவிட்டு அவளிடம்தான் ஓடுவாள்.

இன்றும் யாராவது என்னைக் காணாததுபோல் விலகிப் போனால் நெஞ்சு ஒருமுறை திடுக்கிடத்தான் செய்கிறது. அப்போது அந்தத் தவக்காலத்தை நினைத்துக்கொள்வேன்: நான் ஒரு முகத்தைப் பார்த்து என் பிள்ளைக்காகத் துக்கம் காத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், மகள் என் வயிற்றுக்குள் ஒருவர் முகத்தையும் பாராமல், தன்பாட்டில் வளர்ந்துகொண்டுதான் இருந்தாள்.