மூக்கு போனவன் கட்டிய புகையடுப்பு

என் தம்பியின் மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நல்ல எடுப்பான மூக்கு. அதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன் என்று அவன் மனைவியே சொல்லியிருக்கிறாள். போனது வாசனை மட்டும். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து படுத்தான். எழுந்ததும் பசிக்கிறது என்று சாப்பிட உட்கார்ந்தான். அட்டையை மெல்வது போல இருந்ததாம். உப்பு, காரம், புளிப்பு, கசப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. டாக்டரிடம் போனோம். வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். இதைச் சொல்ல இவ்வளவு படிக்க வேண்டுமா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. தம்பி கையைப் பிடித்து இழுத்ததால் விழுங்கிக்கொண்டேன்.

வேறு பிழைப்பு பார்ப்பவனாக இருந்தால் அட்டையைத் தின்றே காலத்தை ஓட்டியிருப்பான். இவன் சமையல்காரன். பெரிய தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் இவன்தான் தலை. எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அண்டாவின் மூடியைத் திறக்காமலே உள்ளே இருப்பது வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு நாள் பால் அடிப்பிடித்துக் கருகியது. வாசலில் நின்ற ஆள் ஓடிவந்து சொல்லும்வரை இவனுக்குத் தெரியவில்லை. மறுநாளே மேனேஜர் இவனைக் காய் நறுக்கும் மேசைக்கு மாற்றினார். "வெங்காயம் உரிங்க மாஸ்டர், உங்களுக்குத்தான் நாத்தமே தெரியாதே, சௌகரியம்" என்று சொல்லிச் சிரித்தாராம். தம்பி ஏப்ரனைக் கழற்றி வெங்காயக் குவியலின் மேல் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். நானாக இருந்தால் வெங்காயத்தை மேனேஜர் தலையில் கொட்டிவிட்டு வந்திருப்பேன்.

அதற்கப்புறம் வீட்டில் அவன்தான் சமையல். அவன் மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள், சாது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். இவன் எதைச் செய்து வைத்தாலும் இரண்டு பேரும் பிரமாதம் என்றார்கள். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாமல் தின்றார்கள். தின்றுவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் அழுதார்கள். மனைவி ஓர் ஏஜென்சிக்காரரைப் பார்த்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இவனுக்கு வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்தாள். திங்கட்கிழமை காலையில் கேட்டில் நிற்க வேண்டும் என்று ஆனது. யூனிஃபார்மும் வந்துவிட்டது.

அந்த நிலைமையில்தான் என் கடைக்கு வந்தான். நான் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். ஒரு பெண் இந்தத் தொழிலில் நிற்க வேண்டுமென்றால் எடைக்கல்லைவிட வாய் கனமாக இருக்க வேண்டும். எனக்கு இருக்கிறது.

"அக்கா, மூடி போட்ட டிரம் ஒண்ணு வேணும். எண்ணெயோ மருந்தோ இல்லாம, சாப்பாட்டுச் சாமான் வந்த டிரம்மா பாத்துக் குடு."

"தண்ணி பிடிக்கவா?"

"அடுப்புக் கட்ட. கறியைப் புகையிலயே வேக வைக்கிற அடுப்பு."

நான் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "டேய், மூக்கு போனவனுக்குப் புகையடுப்பா? செவிடன் பாட்டுக் கச்சேரி வச்ச மாதிரி இல்ல இருக்கு!"

அவனுக்குக் கோபம் வரவில்லை. சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் அவனிடம் பஞ்சில் சுற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. என் பேச்சு கேட்க நன்றாக இருந்ததோ என்னவோ, சிரித்தான்.

"அதனாலதான்க்கா. அண்டாவுல சமைக்கணும்னா மூக்கு வேணும். இதுல கண்ணும் கையும் போதும். புகை வெள்ளையா, மந்தமா வந்தா கறி கசந்துரும். மெல்லிசா, நீலமா வந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். சூட்டுக்கு ஒரு மீட்டர். வெந்துச்சான்னு தொட்டாலே தெரியும். போன்ல எத்தனை பேரு கட்டினதைப் பாத்துட்டேன் தெரியுமா?"

"சரி, உன் பொண்டாட்டி என்ன சொல்றா?"

"ஞாயித்துக்கிழமை சமைச்சுக் காட்டுறேன்னு சொல்லிருக்கேன். நல்லா வந்தா என்னை விட்டுரணும். வரலைன்னா திங்கக்கிழமை அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு கேட்ல நிக்கிறேன்."

வாட்ச்மேன் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டையைப் போட்ட நாளோடு அவன் சமையல்காரன் இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பழக்கூழ் வந்த டிரம் ஒன்று பின்கட்டில் கிடந்தது. உள்ளே காவி நிறத்தில் ஒரு பூச்சு, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது. பக்கத்துப் பட்டறை வெல்டரைக் கூப்பிட்டேன். அவர் போடும் சட்டை எல்லாம் பொறி பட்டுச் சல்லடையாக இருப்பதால் ஸ்பார்க் என்றுதான் கூப்பிடுவோம். தம்பியும் ஸ்பார்க்கும் மூடியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, டிரம்முக்குள் விறகைப் போட்டு எரித்தார்கள். பூச்சு கொப்புளித்துக் கருகி உரிந்தது. தம்பி புகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். கறுப்புப் புகை சாம்பல் நிறமானது, பிறகு வெளுத்தது, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. போதும் என்றான். கம்பி பிரஷ் போட்டு உள்ளே பளபளவென்று தேய்த்தான். என் கடையில் எப்போதும் ஏதாவது ஒயரோ ரப்பரோ கருகிக்கொண்டே இருக்கும். புதிதாக ஒரு நாற்றம் வந்தால் அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

பிறகு அடியில் காற்றுத் துளைகள் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் குழாய்த் துண்டை வெல்டு வைத்துத் திருகு மூடி போட்டார் ஸ்பார்க். மூடியைத் திறந்தால் நெருப்பு ஏறும், மூடினால் இறங்கும். கரி போட கம்பி வலையில் ஒரு கூடை. கறி வைக்கத் தட்டு, அதைத் தாங்க உள்பக்கம் போல்ட்டுகள். மூடியில் புகை போக ஒரு குழாய். கைப்பிடிக்கு ஒரு பழைய சைக்கிளின் ஹேண்டில்பாரை அறுத்து வைத்தோம். வேலை முடிந்ததும் தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெண் குழந்தை பிறந்தபோதுகூட அவன் இப்படிச் சுற்றவில்லை என்று சொன்னேன்.

"அது அழுதுச்சுக்கா. இது அழாது."

ஞாயிறு காலையில் எல்லோரும் என் கடைக்கு வந்துவிட்டார்கள். மனைவி, மகள், ஸ்பார்க், நான். தம்பி உப்பும் மிளகும் தடவிய முழுக்கோழியைத் தட்டில் வைத்து மூடியைப் போட்டான். முதலில் வெள்ளைப் புகை வந்தது. ஒரு துளையை மூடினான், இன்னொன்றைக் கொஞ்சம் திறந்தான், மீட்டரைப் பார்த்தான். மெல்ல மெல்லப் புகை இளைத்து நீலமானது. அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காய்ச்சலுக்கு முன்னால் இருந்த பழைய முகம். அவன் மனைவியும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம் கோழியை எடுத்தான். தேன் நிறத்தில் தோல் மின்னியது, காலைத் தொட்டதும் கழன்று வந்தது. எல்லோருக்கும் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மகள் ஒரு வாய் வைத்தாள். "பிரமாதம்ப்பா!"

ஸ்பார்க் மென்றார், மென்றார், மென்றுகொண்டே தலையை ஆட்டினார். மனைவி கண்ணில் நீரோடு விழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லா வந்துருக்குங்க" என்றாள்.

நான் ஒரு வாய் வைத்தேன். துப்பினேன்.

"அண்ணி!" என்று தம்பி மனைவி என் தொடையில் கிள்ளினாள். இன்னும் அந்த இடம் கன்றிப்போய் இருக்கிறது. தம்பி என்னைப் பார்த்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"பெயிண்ட் டப்பாவை நக்கின மாதிரி இருக்குடா. தெரு நாய்கூடத் தொடாது."

"கொஞ்சம் கசப்பு எனக்கும் தெரிஞ்சுது. புகைன்னு நினைச்சேன்." அவன் குரல் இறங்கியது. பிறகு மனைவி பக்கம் திரும்பினான். "நீ நல்லா வந்துருக்குன்னு சொன்னியே?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தனை நாளா வீட்ல? தினம் தினம் பிரமாதம்னு சொன்னீங்களே?"

"உங்க முகம் வாடக் கூடாதுன்னுதாங்க..."

அவன் கத்திய கத்தலில் என் கடைக் கூரைத் தகரமே அதிர்ந்தது. "மூக்கு போனது எனக்கு! உங்களுக்கு நாக்கு போச்சா? நீங்க உண்மையைச் சொன்னாத்தானே நான் திருத்த முடியும்? கேன்டீன்ல வெங்காயம் உரிக்கச் சொன்னான், அவனைக்கூட மன்னிச்சுருவேன். வீட்லயே என்னை நோயாளியா உக்கார வச்சுட்டீங்களே!"

மனைவி உடைந்து அழுதாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வாயில் வைக்க வழங்காததை ஒரு வருஷமாகச் சிரித்த முகத்தோடு தின்றவள் அவள். என்னால் ஒரு வாய்கூட முடியவில்லை. அன்பில் அவள் ஒரு படி மேல்தான். ஆனாலும் அன்றைக்கு அவன் பக்கம்தான் நியாயம் இருந்தது.

கத்தி முடித்தவன் டிரம்முக்குப் போனான். உள்ளே எட்டிப் பார்த்தான், விரலால் தேய்த்தான். சுத்தமாக இருந்தது. "புகை சரியாத்தானே வந்துச்சு" என்று முணுமுணுத்தான். பிறகு மூடியைத் தூக்கித் திருப்பினான். அதன் அடிப்பக்கம் முழுக்கக் காவிப் பூச்சு, கொப்புளம் கொப்புளமாக. டிரம்மை எரித்தபோது சுவரோரம் சாய்த்து வைத்த மூடி. அதை யாருமே எரிக்கவில்லை. மூக்கு உள்ள சமையல்காரனாக இருந்தால் மூடி சூடேறியதுமே தெரிந்திருக்கும்.

"அவ்வளவுதானா விஷயம்!" என்றான். பேயறைந்தது போல நிற்பான் என்று நினைத்தேன். அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

மகள் மெதுவாக, "அப்பா, நாளைக்குத் திங்கக்கிழமை..." என்றாள்.

"தெரியும்மா. சொன்ன சொல்லை மாத்த மாட்டேன். ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை இன்னும் முடியல. போய் இன்னொரு கோழி வாங்கிட்டு வா."

மூடியை விறகு நெருப்பின் மேல் கவிழ்த்துப் போட்டார்கள். பூச்சு புகைந்து தீர்ந்தது. ஸ்பார்க் இடுக்கியால் எடுத்து வைக்க, ஆறியதும் தம்பி தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்துவிட்டுக் கண்ணுக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போதும் என்று சொல்லப் போனவன் நிறுத்திக்கொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மூடியை அவன் கையிலிருந்து வாங்கினாள். சாம்பலும் கரியுமாக இருந்ததை அப்படியே முகத்துக்கு நேரே பிடித்து மூச்சை இழுத்தாள். மூக்கு நுனியில் கரி ஒட்டிக்கொண்டது.

"இன்னும் நாறுது. அந்த விளிம்புல. திருப்பி எரிங்க."

எரித்தார்கள். மறுபடி முகர்ந்தாள். "இன்னும் லேசா இருக்கு."

"நிஜமாவா?"

"பொய் சொல்லி என்னத்தைக் கண்டேன்? எரிங்கன்னா எரிங்க."

மூன்றாவது முறை மூடியை முகர்ந்துவிட்டு, டிரம்முக்குள்ளேயும் தலையைவிட்டு முகர்ந்து பார்த்து நிமிர்ந்தாள். "ம். இப்ப வெறும் இரும்பு வாசனைதான். வைங்க."

இரண்டாவது கோழி வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இந்த முறை யாரும் பிரமாதம் என்று சொல்லவில்லை. சத்தமே இல்லை, மெல்லும் சத்தம் மட்டும்தான். நான் தோலை முதலில் தின்றேன். இப்படி ஒரு கறியை நான் தின்றதில்லை, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவனிடம் சொல்லவில்லை. அவன் என் வாயைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு" என்றான்.

அவள் அவசரப்படவில்லை. இன்னொரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். "நெஞ்சுக்கறி கொஞ்சம் வறண்டுருச்சு. மிளகைக் குறைச்சிருக்கலாம்." கொஞ்சம் மென்றாள். "புகை வாசனை அருமையா ஏறிருக்கு. தொடைக்கறியில ஒரு குறையும் சொல்ல முடியாது."

அவன் தலையை ஆட்டினான். வறட்சிக்கு என்ன செய்யலாம் என்று அப்போதே மகளோடு பேச ஆரம்பித்துவிட்டான். கோழியைத் தட்டின் ஓரமாக வைக்க வேண்டுமாம், மார்பு மேலே பார்க்க வேண்டுமாம். நான் குறுக்கே புகுந்து, சாயங்காலம் தராசை எடுத்து வைத்த பிறகு என் கடை வாசல் சும்மாதான் கிடக்கிறது, லாரிக்காரர்கள் நிறுத்துகிற இடம், டிரம்மை அங்கே உருட்டிக்கொள் என்றேன். வாடகை கேட்பாயா என்றான். தினம் ஒரு தொடை என்றேன்.

அப்போது தம்பி மனைவியின் போன் அடித்தது. ஏஜென்சிக்காரர். அவர் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"நாளைக்குக் காலையில ஆளை நேரத்துக்கு அனுப்பிருங்கம்மா."

அவள் கையில் ஒட்டியிருந்த கோழிப் பிசுக்கை முந்தானையில் துடைத்தாள். "அவரு வரமாட்டாருங்க."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காரு. அவருக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"சமையல் வேலை."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "சமையலா? அவருக்கு மூக்கே வேலை செய்யாதுன்னு சொல்லி நீங்கதானேம்மா எங்கிட்ட அழுதீங்க?"

தம்பி பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க, அவருக்கு வேலை செய்யாது" என்றாள். "எனக்கு நல்லா வேலை செய்யுது. ரெண்டு பேருக்கும் அது போதும்."

போனை வைத்துவிட்டாள்.