சிறைக்கோபுரத்தில் ஒரு அடுப்பு

கோட்டையில் வழிகாட்டியாக இருந்த அவளுக்கு, உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பம்பரம். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். வெளிமதில், முதல் ராஜா எழுப்பிய கருங்கல் கோபுரம், அவருடைய பேரன் அதன் முதுகில் ஒட்டிக் கட்டிய பளிங்கு மாளிகை என்று கூட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடுவாள். கோபுரத்தின் கீழறையில் மட்டும் நின்றுவிடுவாள். ஜன்னலே இல்லாத அறை.

"கூடப்பிறந்த தம்பியவே ராஜா இங்க அடைச்சு வச்சார். சாகற வரைக்கும் அந்த மனுஷன் வெயிலப் பாக்கல" என்பாள். யாராவது கண்ணைத் துடைப்பார்கள். எத்தனை முறை சொன்னாலும் அவளும் கூடவே துடைத்துக்கொள்வாள்.

ஒரு மழைக்காலத்தில் அந்த அறையின் சுவர் ஊறிப் புடைத்தது. கொத்தனார்கள் பூச்சைக் கொத்தியபோது, செங்கல் வைத்து அடைத்த பெரிய ஜன்னல் தெரிந்தது. செங்கல்லை எடுத்தால், கை நீட்டும் தூரத்தில் மாளிகையின் பின்சுவர். ஜன்னலுக்குக் கீழே அடுப்புக்குழி, விதானத்தில் கரி.

"இது சமையல்கட்டும்மா. பின்னாடி மாளிகை வந்ததும் ஜன்னல அடைச்சிருக்காங்க. சிறை, தம்பி எல்லாம் யாரோ கட்டிவிட்ட கதை" என்றார் பழுதுபார்க்க வந்த பொறியாளர்.

அன்று அவள் வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். பால் பொங்கி வழிந்தது.

"அந்தத் தம்பி செத்து எத்தனையோ தலைமுறை ஆச்சு. நீ ஏன் இப்ப துக்கம் காக்குற?" என்று கணவன் சிரித்தான்.

"செத்திருந்தாதானே துக்கம்? அப்படி ஒருத்தன் பொறந்தானான்னே தெரியலைங்க!"

கோட்டை மேலாளருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "பழைய கதையவே சொல்லுங்க. அடுப்பப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்? அவனவன் வீட்லயே இருக்கு."

மறுநாள் அந்த அறையில் வாயைத் திறந்தாள். 'தம்பி' என்ற சொல் வரவில்லை. சமையல்கட்டைப் பற்றிச் சொன்னாள். பாதிக் கூட்டம் கொட்டாவி விட்டு நழுவியது. மேலாளர் அவளை டிக்கெட் கூண்டில் உட்கார வைத்தார். பம்பரத்துக்கு நாற்காலி! காலை ஆட்டி ஆட்டி மேசைக்காலே தேய்ந்தது.

பொறியாளர் அந்த அறையில் 'சமையல்கட்டு' என்று பலகை மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு பழைய கதையைச் சொல்ல வைக்க மேலாளருக்கு வழியில்லை. அவளைத் திரும்பக் கூப்பிட்டார்.

வந்த முதல் வாரமே ஒரு அம்மாள் விதானத்துக் கரியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஜன்னல அடைச்சா புகை எப்படிப் போகும்? இங்க சமைச்சவங்க எங்க போனாங்க?"

"தெரியலைங்கம்மா" என்றாள் அவள். அந்த அறையில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கேள்வி அவளை விடவில்லை. மாளிகைக்கு வேறொரு சமையல்கட்டு இருந்தே ஆக வேண்டும். விடுமுறை நாளிலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தோட்டத்துப் பக்கம், குதிரைலாயத்துப் பக்கம் என்று சுவர் சுவராகக் கரி தேடினாள். கொத்தனார்களை நச்சரித்தாள். இன்னும் கிடைக்கவில்லை. வடக்கு மதிலோரம் முட்புதர் மண்டிய மேடு ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் புதரை வெட்டித் தரச் சொல்லி மேலாளரைத் தினமும் துளைத்துக்கொண்டிருக்கிறாள்.