குசினி மூலைக்கு எந்தச் சைஸ் அடுப்பு?

1. அளக்கப் போன நாள்

அந்தச் சனிக்கிழமை காலை, வோபர்ன் பகுதியில் இருந்த ஒரு பழைய வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான். என்னோடு வேலை செய்யும் மன்னார் அன்ரன். வீட்டுக்காரர் நவரட்ணம் அண்ணை. பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த, நேர்ஸ் வேலை செய்யும் பிள்ளை. இரவு வேலை முடித்துப் படுத்திருந்தவர், எங்கள் சத்தத்தில் ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நவரட்ணம் அண்ணையின் மனைவி பரமேஸ் அக்கா அங்கே இல்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது உதவிக்கென்று விட்பி நகருக்குப் போனவர், மகளின் புது வீட்டுச் சூட்டை விட்டுத் திரும்பி வரவில்லை. அவர் வராதபடியால்தான், வீடு சூடாக்கும் அடுப்புப் பூட்டுகிற எங்களுக்கு அந்த வேலை வந்தது.

"வீடு குளிருதாம். அதுதான் சாட்டு," என்றார் அண்ணை. "நீர் பெரிசா ஒரு விறகு அடுப்புப் போடும் தம்பி. கடையில உள்ளதிலேயே பெரிசு. அவவுக்குச் சொல்லேல்லை. சூடாக்கிப்போட்டுக் கூப்பிடுவம்."

"வீடு எத்தினை சதுர அடி அண்ணை?"

"ரெண்டாயிரத்துக்குக் கிட்ட."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்கில் எனக்கு எப்போதும் பயம். அதனால் ஒன்றை இரண்டு தரம் அளப்பேன், பிறகு அன்ரனையும் அளக்கச் சொல்வேன். இரண்டு பேர் அளந்தும் ஆயிரத்தைக்கூடத் தாண்டவில்லை.

"பேஸ்மென்டையும் சேர்த்தோ சொல்லுறியள்?"

"சேர்க்காமல்? அதுக்கும்தானே வரி கட்டுறன்."

எங்கள் ஆட்கள் வீட்டு விஷயத்தில் விடுகிற பிழை இது. வீடு வாங்கும்போது ஏஜென்ட் சொன்ன கணக்கில் பேஸ்மென்டும் இருக்கும். அது வாயிலேயே நின்றுவிடும். சூடு மேலே போகுமே தவிர, படியிறங்கி வாடகைக்காரரின் கதவைத் தட்டாது. ரெண்டாயிரம் அடிக்கான அடுப்பை ஆயிரம் அடிக்குள் வைத்தால் ஹோலில் மனிதர் இருக்க முடியாது. வேர்த்துப்போய் அடுப்பின் காற்று வழியை அடைப்பார்கள். காற்றில்லாத விறகு எரியாமல் புகையும். புகை குழாய்க்குள் தாராகப் படியும். ஒருநாள் அந்தத் தார் பற்றும். நான் அடுப்புப் பூட்டிய வீடு எதுவும் பற்றியதில்லை. ஆனால் தீயணைப்பு வண்டி ஊளையிட்டுக்கொண்டு போனால் அது எந்தத் தெருவுக்குப் போகிறது என்று இன்றைக்கும் காது கொடுப்பேன்.

இதையெல்லாம் அண்ணைக்குச் சொன்னேன். அவர் ஹோலின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து, "இந்தளவு பெரிசு," என்றார்.

அன்ரன் என் காதில், "அண்ணை, உவருக்கு அடுப்பு வேண்டாம், சூளைதான் வேணும்," என்றான்.

எனக்கு முடிவெடுக்கப் பயம். அந்தப் பயத்தில்தான் கேட்டேன்: "குளிருது எண்டு சொன்னது அக்காதானே. அவவிட்ட ஒரு சொல்லுக் கேப்பமே?"

"அவவுக்கு உதுகள் விளங்காது," என்றார். ஆனாலும் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தார்.

"என்ன, சாப்பிட்டாச்சோ?" என்றது பரமேஸ் அக்காவின் குரல்.

"அக்கா, நான் அடுப்புப் பூட்டுற ஆள் கதைக்கிறன்."

"ஐயோ, இருந்த அடுப்புக்கு என்ன நடந்தது? எரிச்சுப்போட்டாரே?"

"இல்லை அக்கா, இது வீடு சூடாக்கிற விறகு அடுப்பு. உங்களுக்கு வீட்டில எந்த இடத்தில குளிர்ந்தது?"

போனுக்குள்ளே பேரப்பிள்ளை எதையோ தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"ஹோலிலதானே?" என்று அண்ணை எடுத்துக் கொடுத்தார்.

"ஹோலில நான் எப்ப இருந்தனான்? ஹோல் உங்கட டீவிக்கு. எனக்குக் குளிர்ந்தது குசினியில. யன்னல் மூலையில, விடியத் தேத்தண்ணி குடிக்கிற கதிரையில. பாதம் ரெண்டும் விறைச்சுப்போம்."

"எனக்குச் சொல்லேல்லையே."

"சொன்னனான். நீங்கள் அந்தப் பக்கம் வந்தாத்தானே."

குசினி என்கிற அந்தச் சமையலறை, முதலில் கட்டிய வீட்டுக்குப் பின்னால் யாரோ பிறகு இழுத்துக் கட்டியது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றுக் குழாய் அதற்குள் போகவே இல்லை. அன்ரன் போய் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தான். "ஃபிரிட்ஜுக்குள்ள காலை விட்ட மாதிரி இருக்கு அண்ணை," என்று கத்தினான். பிறகு நவரட்ணம் அண்ணை இருந்தார். அவர் எழும்பவில்லை. நாங்கள் அவரைச் சுற்றிச் சுற்றி அளந்தோம்.

2. சின்ன அடுப்பின் குறை

குசினிக்கும் அதையொட்டிய சாப்பாட்டு இடத்துக்கும் சின்னச் சைஸ் போதும். ஆனால் சின்ன அடுப்பின் வயிறு சின்னது. இரவு போட்ட விறகு விடியும்வரை நிற்காது. பரமேஸ் அக்கா எழும்புவதோ ஐந்து மணிக்கு. அதற்குள் சூடு வேண்டுமென்றால் நாலு மணிக்கு யாராவது மூட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சொல்லாவிட்டால் நித்திரை வராது.

"ஆர் மூட்டுறது?" என்று போனில் அக்கா கேட்டார்.

"நான்," என்றார் அண்ணை.

"உவரோ! அலாரம் அடிச்சுக் களைச்சுப்போகும், உவர் எழும்பமாட்டார்."

அன்ரன் சிரித்தான். அண்ணை சிரிக்கவில்லை. "பூட்டினா வருவீரே?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

"பாப்பம்," என்றார் அக்கா.

பழைய புகைபோக்கி ஹோல் பக்கம் இருந்தது. குசினிக்குக் கூரையைத் துளைத்துப் புதிதாக ஏற்ற வேண்டும். பின்கதவின் இடுக்குகளையும் அடைக்க வேண்டும். அதனால் சின்ன அடுப்புக்குத்தான் செலவு கூடியது. வேலை முடிந்து, இன்ஸ்பெக்‌ஷனும் முடிந்த அன்று அண்ணை பெரும்பகுதியைத் தந்துவிட்டுச் சொன்னார்: "மிச்சத்தை அவ திரும்பி வந்து இந்த வீட்டில இருக்கிற அண்டைக்குத் தாறன் தம்பி. அண்டைக்குத்தான் உம்மட வேலை முடியும்."

எங்கள் வான் வண்டியில் ஏறியதும் அன்ரன், "மனிசி வராட்டி?" என்றான். எனக்கும் அதே யோசனைதான். அவனுடைய பங்கை என் கையிலிருந்து கொடுத்தேன்.

3. குழாய் துடைக்கப் போனது

அடுத்த இலையுதிர் காலத்தில் குழாய் துடைக்கப் போனேன். பிரஷ்ஷை இறக்கி இழுத்தால் தார் இல்லை. ஒரு கைப்பிடி சாம்பல் நிறத் தூசி மட்டும். காய்ந்த விறகை நன்றாக எரியவிட்டால்தான் குழாய் இப்படி இருக்கும். அடுப்பின் வாய்க்குக் கிட்ட, கதிரையின் காலடியில், விறகு நேராக அடுக்கியிருந்தது.

"எத்தினை மணிக்கு மூட்டுறியள் அண்ணை?"

"நாலுக்கு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். ஆரும் சொல்லாமல் வந்து நிண்டா, குளிராய் இருக்கக் கூடாதெல்லே."

பரமேஸ் அக்கா ஒருநாள் வந்தாராம், நல்ல பனி நாளில். தேத்தண்ணி போட்டுக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்தாராம். "காலில கிடந்த சொக்ஸைக் கழட்டினவ, தம்பி," என்றார் அண்ணை. பிறகு நான் ஏணியை மடிக்கும்போது திரும்பவும் வந்து, "ரெண்டு சொக்ஸையும் கழட்டினவ," என்றார். பின்னேரம் மகள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று அழைப்பு வந்தது. அக்கா எழும்பிவிட்டார்.

"போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ," என்றார் அண்ணை. "வாறன் எண்டுதானே சொன்னவ."

எங்கள் ஆட்கள் யார் வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நான் அதை அவருக்குச் சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சதுர அடியை அளந்துகொள்ளுங்கள், பேஸ்மென்டைக் கழியுங்கள், கூரை உயரம் பாருங்கள், சுவரில் காற்றுப் புகும் இடங்களைத் தடவிப் பாருங்கள். ஆனால் கடையின் அடுப்புச் சைஸ் புத்தகத்தைத் திறக்க முன்னம், குளிர்ந்தது யாருக்கு, எந்தக் கதிரையில் என்று கேளுங்கள். அந்த ஆள் வீட்டில் இல்லாவிட்டால் போன் எடுத்தாவது கேளுங்கள். அடுப்பு அந்தக் கதிரையைச் சூடாக்கும். அதற்கு மேல் செய்யக்கூடிய சைஸ் எந்தக் கடையிலும் இல்லை.

நான் வெளிக்கிடும்போது அண்ணை ஒரு செக்கை நீட்டினார். "பிடியும் தம்பி. உம்மை எவ்வளவு காலம் காக்க வைக்கிறது?"

எனக்கு வானின் பிரேக் மாற்ற இருந்தது, இன்சூரன்ஸ் கட்ட இருந்தது. ஆனால் அதை வாங்கினால், அக்கா வரமாட்டார் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

"அக்கா வரட்டும் அண்ணை," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டுச் செக்கை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு விறகு எடுக்கப் பின்பக்கம் போனார்.

அவர் தர வேண்டியது இன்னும் தொள்ளாயிரத்து ஐம்பது டொலர்.