ஒரு நாள் மட்டும் அனுப்பாதீங்க

ஜெயபாரதிக்குக் குழந்தைகள் என்றால் உயிர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுபத்திரண்டாம் வருடம் அவள் பாலசேவிகா பயிற்சியில் சேர்ந்தது கல்யாணத்தைத் தள்ளிப்போடத்தான். பால்வாடியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வருடப் படிப்பு அது. முடித்தால் சர்டிபிகேட், வேலை. தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணன் கருணாகரன் கறாராகச் சொல்லிவிட்டான்: "பாஸ் பண்ணுனா வேலைக்குப் போ. பண்ணலைன்னா சாத்தான்குளத்து மாப்பிள்ளைக்குத் தலையாட்டு. வேற பேச்சே கிடையாது, பாத்துக்க."

செய்முறைப் பயிற்சிக்கு அவளை ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பால்வாடிக்கு அனுப்பினார்கள். கடலோரத்தில் ஓர் ஓலைக்கொட்டகை, உள்ளே முப்பது வாண்டுகள். அதில் ஒருத்தி தேசம்மா, மீன் விற்கிற பூங்காவனத்தின் மகள், நாலு வயது. அம்மா கூடையைத் தலைக்கு ஏற்றியதும் ஆரம்பிப்பாள். என்ன தொண்டை அது! அலைச் சத்தம்கூட அடங்கிப்போகும்.

பாட்டு, பொம்மை, பால் எதற்கும் மசியாத அவளை அடக்க ஜெயபாரதி தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மடியில் போட்டுக்கொண்டு, முந்தானை நுனியைக் கையில் கொடுத்து, ஒரு பழைய டப்பாவில் மணலை நிரப்பிக் கொட்டுவாள். மறுபடி நிரப்புவாள். மறுபடி கொட்டுவாள். நாலைந்து தடவைக்கு அப்புறம் அந்தச் சின்னக் கை டப்பாவை வாங்கிக்கொள்ளும். அழுகை விக்கலாகி நின்றுபோகும். கல்யாணத்துக்குப் பயந்து வந்தவளுக்கு இந்த வேலை பிடித்துப்போனது அந்தக் கையால்தான்.

வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. மயிலாப்பூரிலிருந்து பரீட்சை அதிகாரி காமாக்ஷி அம்மாள் வந்து, பிள்ளைகளை அவள் நடத்துகிற லட்சணத்தைப் பார்த்து மார்க் போடுவார். ஜெயபாரதிக்குத் தேசம்மாவின் தொண்டைதான் ஞாபகம் வந்தது. பாத்திரக்கடைக்காரர் வீட்டுப் பெண் அல்லவா, புத்தி அப்படித்தான் போயிற்று. நசுங்கிய சொம்பை எந்தக் கடையிலாவது முன்வரிசையில் வைப்பார்களா?

முதல் நாள் சாயங்காலமே பூங்காவனத்தின் குடிசைக்குப் போனாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் தேசம்மாவை அனுப்பாதீங்க. பெரிய அம்மா பாக்க வாறாங்க. இவ அழுதா என் பரீட்சை போயிரும்."

"அதுக்கின்னா டீச்சர், என்கூட சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு இட்டுக்கினு போறேன்" என்றாள் பூங்காவனம்.

தேசம்மா அங்கேதான் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நாலு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும் என்று ஒரு வருடமாக உருப்போட்டவள், அந்தப் பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டாள். படித்து என்ன பிரயோஜனம்?

மறுநாள் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள், பாடினார்கள், சிந்தாமல் பால் குடித்தார்கள். காமாக்ஷி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு கொழந்தைகூட அழலையே! சரி, ஓயாம அழற கொழந்தை ஒண்ணு வந்தா என்னடி பண்ணுவே?"

ஜெயபாரதி சொன்னாள். மடி, முந்தானை நுனி, மணல், டப்பா, விக்கல், ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்று கேட்டார். ஜெயபாரதி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பெண் என்று அதற்கும் சேர்த்து மார்க் விழுந்தது.

அடுத்த நாள் தேசம்மா வரவில்லை. ஜெயபாரதியே தேடிப் போனாள். அவளைக் கண்டதும் பிள்ளை ஓடிப்போய்ப் படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"வரமாட்டேங்குது டீச்சர். 'நான் அழுவேன், டீச்சருக்கு ஆவாது'ன்னுது" என்று பூங்காவனம் சிரித்தாள். அவளுக்குக் கோபமே இல்லை. "உடு டீச்சர், என்கூடவே சுத்திக்கினு கெடக்கட்டும்."

மிட்டாயோடு போனாள், பொம்மையோடு போனாள், அந்த டப்பாவை எடுத்துக்கொண்டும் போனாள். பலிக்கவில்லை. பிறகு தேசம்மா பால்வாடிக்கும் வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. சர்டிபிகேட் வந்தது. வேலையும் அதே குப்பத்தில் கிடைத்தது. அண்ணன் பெருமை தாங்காமல் சர்டிபிகேட்டுக்குச் சட்டம் போட்டுக் கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். ஜெயபாரதி கடைக்குப் போனால் அந்தச் சுவர் பக்கம் பார்ப்பதில்லை.

ஆறேழு வருடம் ஓடிப்போயிற்று. ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டிய வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் தம்பியோடு பால்வாடிக்கு வந்தாள். தேசம்மாதான். தம்பியைச் சேர்க்க வந்திருந்தாள். அவன் வாசலிலேயே வீறிட்டான், அக்காவின் அதே தொண்டை. தேசம்மா சட்டென்று மணலில் உட்கார்ந்து, அவனை மடியில் போட்டு, பாவாடை நுனியை அவன் கையில் திணித்தாள். கிடந்த கொட்டாங்கச்சியில் மணலை நிரப்பிக் கொட்டினாள்.

ஜெயபாரதி எழுந்து அவர்கள் பக்கம் வந்தாள். அவள் நிழல் விழுந்ததும் தேசம்மா பதறிப்போய்த் தம்பியின் வாயைப் பொத்தினாள்.

"டீச்சர் வருது, அழாதடா. அழுதா சேத்துக்க மாட்டாங்க."

பையன் அழுகையை அப்படியே விழுங்கிக்கொண்டான்.